பியூஸுக்கு ஓர் இடம்

சங்கரன்கோவில்
14.6.1981

பிரியமுள்ள தம்பி ஜஸ்டஸுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்கியிருப்பதாக. இங்கே நான் சுகம். நீ, இன்பம், பிள்ளை மூன்று பேரும் சுகம் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

சுகம் என்று எழுதிவிட்டு ஆஸ்பத்திரிக் கதை சொல்வது வேடிக்கைதான். கொஞ்ச நாளாக வயிற்றில் தொந்தரவு. புண் என்கிறார்கள். பாளையங்கோட்டை டாக்டர் வேலூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சின்ன ஆபரேஷன் இருக்கலாமாம். ஆகஸ்டில் இடம் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். தையல் கிளாஸைத் தங்கபாய் டீச்சரின் தங்கை பார்த்துக்கொள்வாள். தங்கபாய் டீச்சர் என்னோடு துணைக்கு வருகிறாள். ரிட்டயரான பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லையாம்.

எனக்கு ஒரே கவலை பியூஸ். அத்தான் போன இந்த இரண்டு வருஷத்தில் என் கையைத் தவிர யார் கையிலும் அது வாய் வைக்கவில்லை. மதுரைக்கு டிரெய்னிங் போன மூன்று நாளும் பக்கத்து வீட்டுக் கோமதித்தாய் மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்துப் பார்த்தாள். மோந்துகூடப் பார்க்கவில்லை. "நாயா இது, விரதக்காரச் சாமியால்லா இருக்கு" என்றாள். என்னை விட்டால் அது தின்னும் இன்னொரு கை உன்னுடையதுதான். மஞ்சள் காமாலைக்கு நீ இங்கே நாற்பது நாள் கிடந்தபோது உப்பில்லாச் சோற்றில் பாதியை அதற்குத்தானே போட்டாய்.

உன் வீட்டு மாடியில் நாய் வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார், இன்பத்துக்கு மூச்சிரைப்பும் உண்டு. அதைக் கேட்கவில்லை. மெட்ராசில் நாய்களைப் போர்டிங் மாதிரி வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் இருக்கிறதாமே. நல்லதாக ஒன்று பார். நீ அடிக்கடி போய்ப் பார்க்கிற மாதிரி இருந்தால் நல்லது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள அக்கா,
ஞானபூரணம்


சென்னை – 23
29.6.1981

அன்பான அக்காவுக்கு ஜஸ்டஸ் எழுதுவது.

தேவ கிருபையால் இங்கே சுகம். உங்கள் வயிற்றுத் தொந்தரவு தேவலையா? வேலூர் என்றதும் இன்பம் பயந்துவிட்டாள். புண்ணுக்கெல்லாம் இப்போது நல்ல மருந்து வந்துவிட்டது என்று தைரியம் சொன்னேன்.

நீங்கள் எழுதியதை ஆபீசில் சொன்னபோது ஒரே சிரிப்பு. "மனுசனுக்கே மெட்ராசில் போர்டிங் கிடைக்கல" என்றார் எங்கள் சூப்பரின்டென்டென்ட். ஆனால் இருக்கிறது அக்கா. பேப்பரில் விளம்பரமே வருகிறது. பெரிய பெரிய ஆபீசர்கள் லீவில் ஊட்டிக்குப் போகும்போது நாய்களை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

முதலில் வேப்பேரிப் பக்கம் ஒரு டாக்டரின் இடத்தைப் பார்த்தேன். மாட்டுக்கொட்டகை அளவு ஹாலில் இரும்புக் கூண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. மேல் கூண்டில் போகிற மூத்திரம் கீழ்க் கூண்டின் தகரத்தில் விழுகிறது. நான் உள்ளே போனதும் இருபது நாயும் சேர்ந்து குரைத்தன. காது அடைத்துவிட்டது. ஒரு கிழட்டு நாய் மட்டும் குரைக்காமல் மூலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது. "அதுக்கு என்ன?" என்றேன். "ஓனர் துபாய் போயிட்டார், சார்" என்றான் அங்கிருந்த ஆள். பியூஸை அங்கே விடமாட்டேன். இன்னும் இரண்டு விலாசம் இருக்கிறது.

உங்கள் தம்பி,
ஜஸ்டஸ்


சங்கரன்கோவில்
5.7.1981

பிரியமுள்ள ஜஸ்டஸ்,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம் என்று அறிந்து ஸ்தோத்திரம் செய்தேன். என் உடம்பு இருந்தபடியே இருக்கிறது.

அந்த மூலை பார்த்து உட்கார்ந்த நாயை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாளாக அதுவே கண்ணில் நிற்கிறது.

அடுத்த இடத்துக்குப் போகும்போது இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, அன்றைக்கு நடந்ததை மறைக்கக் கூடாது. லைன் இன்ஸ்பெக்டராக இருந்த அத்தான் வேதமணி திருவேங்கடம் ரோட்டில் சைக்கிளோடு நெஞ்சு வலித்து விழுந்தபோது இந்த நாய்தான் பக்கத்தில் நின்றது, ரோட்டு வேலைக்காரர்கள் பத்துப் பேர் தண்ணீரோடு வந்தும் ஒருவரையும் கிட்ட விடவில்லை, முக்கால் மணி நேரம் கழித்து நான் காரில் போய் இறங்கிக் கூப்பிட்ட பிறகுதான் விலகியது என்று அப்படியே சொல்லு. நான் தொட்டபோது அவர் உடம்பில் சூடு இருந்தது என்பதைச் சொல்ல வேண்டாம், அது நமக்குள். அத்தானின் அண்ணன் வாசுதேவநல்லூரிலிருந்து வரும்போதெல்லாம் "எந் தம்பியக் கொன்ன நாயிக்கு இன்னுமா சோறு போடுதே?" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார். நான் இல்லாதபோது அவர் வந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். தெருவிலும் யாருக்கும் அதன்மேல் இரக்கம் கிடையாது. ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்துக்கு முன்னால் நாய் பிடிக்கிற வண்டி வேறு வரும்.

இரண்டாவது, நான் திரும்பி வருவதற்கு நாளாகிவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேள். வருஷக்கணக்கில் வைத்துக்கொள்வார்களா என்றும் கேள். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இன்பத்துக்கும் பிள்ளைக்கும் என் முத்தங்கள்.

அக்கா


சென்னை – 23
20.7.1981

அன்பான அக்காவுக்கு,

ஆண்டவர் உங்களைப் பெலப்படுத்துவாராக. இங்கே பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது விட்டுவிட்டது.

இரண்டு இடமும் பார்த்துவிட்டேன். ஒன்று பெரம்பூரில், மிஸஸ் டிக்ரூஸ் என்று ஓர் ஆங்கிலோ இந்தியக் கிழவி. வீட்டுக்குள்ளேயே எட்டு நாய். சோபாவில் நாய், கட்டிலில் நாய். வீடெல்லாம் வாடை. அந்த அம்மாளுக்கு வயதும் எழுபதுக்கு மேல் இருக்கும். சரிப்படாது.

இன்னொன்று தாம்பரத்தில். இதுதான் இடம் அக்கா! ஹவில்தார் சண்முகையா என்பவர் நடத்துகிறார். பட்டாளத்தில் இருபது வருஷம் நாய்களைப் பழக்கியவர். நம்ம பக்கத்து ஆள், கழுகுமலை. ஒவ்வொரு நாய்க்கும் தனி அறை, முன்னால் ஓட வேலி போட்ட மணல் தரை, வேப்பமர நிழல். காலையில் கஞ்சி, சாயங்காலம் கறி போட்ட சோறு. நீங்கள் சொன்னபடி திருவேங்கடம் ரோட்டு விஷயத்தைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "அது பேர்ல என்ன தப்பு இருக்கு? எசமானுக்குக் காவல் நிக்கத்தான அதுக்குத் தெரியும்" என்றார். "பேரு என்ன?" என்றார். பியூஸ் என்றதும் சிரித்துவிட்டார். கரண்டு ஆபீஸ்காரர் வைத்த பேர் என்று சொன்னேன்.

நாள் ஆனால் ஆகட்டும், வைத்துக்கொள்வேன் என்கிறார். தாம்பரமே முடிவு செய்துவிடலாம்.

ஜஸ்டஸ்


சங்கரன்கோவில்
26.7.1981

பிரியமுள்ள ஜஸ்டஸ்,

சமாதானம். பிள்ளையின் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. எனக்கு நடந்தால் மட்டும் கொஞ்சம் களைப்பு.

ஹவில்தார் சொன்ன வார்த்தையை நான்கு தடவை வாசித்தேன். அன்றிலிருந்து இன்றுவரை அந்த நாயைப் பற்றி இப்படி ஒருவரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

ஆனாலும் ஒன்று. பெரம்பூர் உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். தாம்பரத்துக்கு நீ இரண்டு ரயில் மாற வேண்டும். அந்த அம்மாளைப் பற்றி நாலே வரி எழுதியிருக்கிறாய். வாடை ஒரு குறையா? நாய் இருக்கிற வீட்டில் நாய் வாடைதானே அடிக்கும். கட்டிலில் நாயைப் படுக்க விடுகிறவள் பசிக்க விடமாட்டாள். அவள் என்ன சொன்னாள் என்று நீ எழுதவில்லை.

நீ நேரில் பார்த்தவன். நீ நல்லது என்றால் நல்லது.

ஆகஸ்ட் 15 சனிக்கிழமை கொல்லம் மெயிலில் ஏறுகிறோம். தபசு முடிந்து திரும்புகிற கூட்டம் இருக்கும். பியூஸுக்கு ரயிலின் கடைசியில் கார்டு இருக்கிற வண்டியில் நாய்ப்பெட்டிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஞாயிறு காலை தாம்பரத்தில் இறங்குகிறோம். ஸ்டேஷனுக்கு வா. விட்டுவிட்டு நானும் தங்கபாய் டீச்சரும் அப்படியே வேலூர் பஸ் ஏறிவிடுவோம். திங்கள் காலை அட்மிஷன். இல்லாவிட்டால் நானே நாலு நாள் அங்கே இருந்து பழக்கிவிட்டுப் போவேன்.

முதல் பத்து நாள் தினமும் நீ போக வேண்டும் ஜஸ்டஸ். பிறகு ஞாயிறுதோறும் போனால் போதும். இந்த ஒன்றை மட்டும் உன்னிடம் கேட்கிறேன்.

அக்கா


சென்னை – 23
30.8.1981

அன்பான அக்காவுக்கு,

வேலூரில் போய்ச் சேர்ந்ததும் நீங்கள் போட்ட கார்டும், அடுத்த வாரம் போட்ட கார்டும் கிடைத்தன. உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். ஆபீசில் இன்ஸ்பெக்ஷன். டெஸ்ட்டெல்லாம் முடிந்ததா? என்ன சொல்கிறார்கள்?

பியூஸைப் பற்றிக் கவலை வேண்டாம். நேற்று போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து முகத்தை என் முழங்காலில் வைத்துக்கொண்டது. இன்பம் கொடுத்துவிட்ட தயிர்ச்சோற்றை என் கையாலேயே தின்றது. கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிகிறது. புது இடம் அல்லவா. ஹவில்தார் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். அடிக்கடி போய் வருகிறேன்.

ஆபரேஷன் தேதி தெரிந்தால் எழுதுங்கள். நான் வருகிறேன்.

ஜஸ்டஸ்


வேலூர்
8.9.1981

பிரியமுள்ள ஜஸ்டஸ்,

கிருபை உண்டாவதாக. ஆபரேஷன் வெள்ளிக்கிழமை, பதினோராம் தேதி. நீ வர வேண்டாம். தங்கபாய் டீச்சர் இருக்கிறாள். பக்கத்துக் கட்டிலில் மீரா பீவி என்று கடையநல்லூர்க்காரி ஒருத்தி, அவள் மகளும் எனக்குச் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வைக்கிறாள். எனக்காக லீவு போடுவதானால் அந்த நாளில் தாம்பரம் போ.

உன் கடிதத்தை மீரா பீவிக்கு வாசித்துக் காட்டினேன். முழங்காலில் முகத்தை வைத்தது என்ற இடத்தில், "இன்னொரு வாட்டி படிங்கக்கா" என்றாள். இங்கே எல்லார் வீட்டுக் கடிதமும் எல்லாருக்கும்தான். சாயங்காலம் ஆனால் "நாய்க் கடுதாசி வந்துச்சா?" என்று கேட்கிறார்கள்.

இளைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு? விலா எலும்பு தெரிகிறதா? தண்ணீர் குடிக்கிறதா? வெள்ளிக்கிழமைக்கு முன் பதில் வந்தால் நன்றாயிருக்கும். வராவிட்டாலும் பரவாயில்லை.

ஜெபத்தில் நினைத்துக்கொள்.

அக்கா


சென்னை – 23
14.9.1981

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. அன்று முழுவதும் ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை. சனிக்கிழமை தங்கபாய் டீச்சரின் தந்தி வந்த பிறகுதான் சாப்பிட்டோம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். தையல் வலி இருக்கும், பேசாமல் படுத்திருங்கள். டீச்சரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பியூஸ் நல்ல சுகம். இளைப்பெல்லாம் தேறிவிட்டது. இப்போது ஹவில்தார் கையிலும் தின்கிறது. பக்கத்து அறையில் ஒரு கறுப்பு நாய், அதோடு சிநேகம். இரண்டும் வேலியின் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நேற்று மழை பெய்தது. வேப்பமரத்தடியில் நனைந்துகொண்டே நின்றது, உள்ளே வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஹவில்தார் சாக்கை எடுத்துத் துடைத்துவிட்டார். மீரா பீவி அம்மாளிடம் சொல்லுங்கள்.

நீங்கள் எதையும் நினைக்காமல் உடம்பைத் தேற்றுங்கள்.

ஜஸ்டஸ்


தாம்பரம்
27.9.1981

மதிப்புக்குரிய டீச்சரம்மா அவர்களுக்கு, ஹவில்தார் சண்முகையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தங்கள் ஆபரேஷன் நல்லபடி முடிந்த சேதி கண்டு சந்தோஷம். தங்கள் நோயின் பெயரை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்குச் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் திரும்பி வர முடியாமல் போனால் நாயை அதன் ஆயுள் உள்ளமட்டும் நானே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கறுப்பு நாயோடு விளையாடுவதாகக் கேள்விப்பட்டு நிம்மதி என்றும் எழுதியிருக்கிறீர்கள். தங்கள் கடிதத்தை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பட்டாளத்தில் இருந்தவன், பொய் எழுதத் தெரியாது. தங்கள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு மேலே வாசிக்கவும்.

தாங்கள் விட்டுப் போன மூன்றாம் நாளிலிருந்து பியூஸ் சாப்பாட்டைத் தொடவில்லை. தங்கள் தம்பிக்குக் கார்டு போட்டேன். பதில் இல்லை. இரண்டாவது கார்டு போட்டேன். ஆகஸ்ட் 29ஆம் தேதி வந்தார். அவர் கையில் நாலு கவளம் தின்றது. என் கண்ணால் பார்த்தேன். எனக்கு உயிர் வந்தது. "சார், கெஞ்சிக் கேக்கேன், ஒரு நாலு நாளு தெனம் ஒரு நேரம் வாங்க. உங்க கையில தின்னு தெம்பு வந்துட்டா அப்புறம் எங்கிட்டயும் தின்னுரும்" என்று சொன்னேன். "நாளைக்கு வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிப் போனார். அவர் போன பிறகு அது கேட் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. அவர் வரவில்லை. மாட்டு டாக்டரைக் கூட்டி வந்து குளுகோஸ் ஏற்றினோம். செப்டம்பர் 3ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் தவறிவிட்டது. அன்றைக்கே தம்பிக்கு ஆள்விட்டுச் சொன்னேன். தங்களுக்கு அவர் சொல்லியிருப்பார் என்றிருந்தேன்.

இங்கே கறுப்பு நாய் எதுவும் இல்லை.

இருபது வருஷத்தில் எத்தனையோ நாயைப் பார்த்துவிட்டேன். இதைக் காப்பாற்ற எனக்குத் தெரியவில்லை. மன்னிக்க வேண்டும்.

தங்கள் ஊழியன்,
சண்முகையா


சென்னை – 23
11.10.1981

அன்பான அக்காவுக்கு,

உங்களிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. மிஷினுக்கு அடியில் படுக்கவைத்துக் கரண்டு வைத்தியம் கொடுக்கிறார்கள் என்று தங்கபாய் டீச்சர் எழுதியிருந்தாள். புண்ணுக்கு எதற்குக் கரண்டு வைத்தியம்? விவரம் எழுதுங்கள். இங்கே நாங்கள் சுகம்.

பியூஸும் சுகம். நல்ல சதை பிடித்திருக்கிறது. பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரியாது. நீங்கள் ஊருக்குப் போனதும் உடனே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். உடம்பு தேறும்வரை ஜனவரி, பிப்ரவரி வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். அதற்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

கட்டாயம் பதில் போடுங்கள்.

ஜஸ்டஸ்


சென்னை – 23
6.12.1981

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நலம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

போன மாதம் முழுக்க உங்களிடமிருந்து ஒரு வரி இல்லாததால் 28ஆம் தேதி வேலூருக்கு வந்தேன். ஒரு வாரத்துக்கு முன்பே டிஸ்சார்ஜ் என்றார்கள். நீங்கள் இருந்த இடத்தின் வாசலில் கேன்சர் வார்டு என்று எழுதியிருந்த போர்டைப் பார்த்தேன். அப்போதுதான் என்ன நோய் என்று எனக்குத் தெரிந்தது. மறுநாள் தாம்பரம் போனேன். "டீச்சரம்மா 21ஆம் தேதியே வந்து பாத்துட்டுப் போயிட்டாவ" என்று ஹவில்தார் சொன்னார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

பெரம்பூர் அம்மாள் என்ன சொன்னாள் என்று ஜூலையில் கேட்டீர்கள். நான் பதில் சொல்லவே இல்லை. அவள் நாயைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டாள். எதில் படுக்கும், எந்தப் பாத்திரத்தில் தின்னும், இடிக்குப் பயப்படுமா என்றெல்லாம். கடைசியில், "இந்த ஜாதி நாயைத் தெரியும். வீட்டு ஆள் ரெண்டு வாரம் காலையிலும் சாயங்காலமும் வந்து கையால் ஊட்டணும். வருவேன்னு சத்தியம் பண்ணினா எடுத்துக்கறேன். இல்லேன்னா கூட்டி வராதே, செத்துப்போகும்" என்றாள். தாம்பரத்தில் அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. அதனால்தான் தாம்பரம். வாடை, கிழவி எல்லாம் நான் சாக்குக்கு எழுதியது.

இன்ஸ்பெக்ஷன் இருந்தது உண்மை. ஆனால் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நாய்க்குச் சோறு ஊட்டப் பர்மிஷனா என்று சிரிப்பார்களே என்று கேட்கவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அந்த நாலு நாளும் அப்படித்தான் போயின. ஆள் வந்து சொன்ன அன்று நீங்கள் ஆபரேஷனுக்குக் காத்திருந்தீர்கள். அதற்காகத்தான் மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்த பிறகும் பொய்யைத்தான் எழுதினேன். எழுதும்போது அது உயிரோடு இருந்தது அக்கா.

என்ன திட்டினாலும் எழுதுங்கள்.

ஜஸ்டஸ்


சங்கரன்கோவில்
17.1.1982

ஜஸ்டஸுக்கு,

சமாதானம். உன் கடிதத்துக்கு ஐந்து முறை பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் போய்விட்டது. இனியும் தள்ளினால் எழுதமாட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டேன். மிஷினை மிதிக்க முடியவில்லை. பிள்ளைகளை மிதிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மீரா பீவி நவம்பர் கடைசியில் இறந்துபோனாள். மகள் கார்டு போட்டிருந்தாள்.

ஹவில்தாரின் கடிதம் செப்டம்பர் முப்பதாம் தேதி கிடைத்தது. உன் அக்டோபர் கடிதம் வந்தபோது எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் மீரா பீவி கேட்டாள், அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நல்ல சதை பிடித்திருக்கிறது என்று வாசிக்கும்போது என் குரல் மாறவில்லை. அவளும் "நல்லாருக்கட்டும்" என்றாள். அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

தாம்பரத்தில் இறங்கி இடத்தைப் பார்த்தேன். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் புதைத்திருக்கிறார்கள். அங்கிருந்து உன் வீட்டுக்கு வந்திருக்கலாம். வந்தால் கேட்டிருப்பேன், கேட்டால் நீயும் எதையாவது சொல்லியிருப்பாய். அதைக் கேட்க எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை. தங்கபாய் டீச்சரோடு ஸ்டேஷனிலேயே காத்திருந்து ஊருக்கு ரயில் ஏறிவிட்டேன்.

நீ ஒன்றை ஒப்புக்கொண்டாய். நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு என்ன நோய் என்று ஜூன் மாதமே தெரியும். புண் என்று எழுதினேன். உன்னைப் பயமுறுத்தக் கூடாது என்று நினைத்தேன். சாகப் போகிற அக்கா கேட்ட காரியம் என்று தெரிந்திருந்தால் நீ சூப்பரின்டென்டென்டுக்கும் சிரிப்புக்கும் பயந்திருக்கமாட்டாய். தினமும் போயிருப்பாய். இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துப் பல நாள் யோசித்தேன். முழுப் பழியையும் உன்மேல் போட முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் அந்த ஐந்து கடிதத்தையும் தொடங்கினேன். அந்த வார்த்தை வரும் இடத்தில் கை நின்றுவிட்டது. அத்தான் விஷயத்தில் அந்த நாயை மன்னித்தேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தினமும் சோறு பிசைந்து வைத்தேன், அது தின்றது. அவ்வளவுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது.

மார்ச் எட்டாம் தேதி வேலூரில் செக்கப். முடிவு எப்படி இருந்தாலும் கேட்டுக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர் கூட வர வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். தங்கபாய் டீச்சருக்குக் கால் வீக்கம், அவள் வரமுடியாது. ஏழாம் தேதி ஞாயிறு காலை எழும்பூரில் இறங்குவேன். அங்கிருந்து பஸ்ஸில் போக வேண்டும்.

வருகிறேன் என்று எழுத வேண்டாம். வருவதானால் பிளாட்பாரத்தில் நில்.

இன்பத்தின் மூச்சிரைப்புக்கு இந்தக் குளிரில் வெந்நீர் கொடு.

அக்கா